தங்கத்தில் ஒரு முறை, ஜெர்மானியத்தில் ஒரு முறை: ஒற்றை அடுக்குப் படலத்தில் மூலக்கூறுகளின் சாய்வை அளந்த பதிவு

அரக்கிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒற்றை அடுக்கு 2.7 நானோமீட்டருக்கு மேல் தடிமன் கொள்வதில்லை. அந்த அடுக்கிலுள்ள, இருபது கார்பன்கள் கோத்த சங்கிலிகள் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா, காற்றில் சாய்ந்த நெற்பயிரைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, அல்லது ஒழுங்கின்றிக் கலைந்து கிடக்கின்றனவா என்பதை அகச்சிவப்பு நிறமாலைமானி கொண்டு கண்டறிந்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். வேலை நடந்த இடம் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள ஓர் ஆய்வுக்கூடம். கருவி, திரவ நைட்ரஜனால் குளிரும் எம்சிடி (பாதரச காட்மியம் டெலூரைடு) உணரி பொருத்திய சாதாரண எஃப்டிஐஆர், அதாவது ஃபூரியே உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி. இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்பதால், கணக்கைப் போலவே காற்றின் ஈரத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதுகிறேன்.

அடிப்படை எளியது. ஒரு பிணைப்பு அதிரும்போது அதன் மின் இருமுனை ஒரு குறிப்பிட்ட திசையில் மாறுகிறது. ஒளியின் மின்புலம் அந்தத் திசையில் இருந்தால் உட்கவர்தல் முழுமையாக நிகழும்; செங்குத்தாக இருந்தால் நிகழவே நிகழாது; இடைப்பட்ட கோணங்களில் கோசைன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் அல்லது குறையும். சங்கிலியின் கண்ணியான மெத்திலீன் (CH₂) தொகுதிக்கு நீட்சி அதிர்வுகள் இரண்டு உண்டு. சமச்சீரற்றது அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 2918-ஐ ஒட்டியும், சமச்சீரானது 2850-ஐ ஒட்டியும் தோன்றும். இவ்விரண்டின் இருமுனைத் திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. இரண்டுமே சங்கிலியின் அச்சுக்கும் செங்குத்தானவை. ஆகவே அவை பரப்பைப் பொறுத்து எப்படி அமைந்துள்ளன என்று தெரிந்தால், மூன்றாவது திசையான சங்கிலியின் சாய்வு தானாகவே வெளிப்பட்டுவிடும்.

இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. நிறமாலைமானி கோணத்தைக் காட்டுவதில்லை. உட்கவர்தலை மட்டுமே காட்டுகிறது. ஒரே ஒரு மின்புலத் திசையில் எடுத்த நிறமாலையில் ஒரு பட்டை சிறியதாக இருந்தால், மூலக்கூறுகள் குறைவாக உள்ளன என்றும் கொள்ளலாம், அவை அந்தத் திசைக்குக் குறுக்காக நிற்கின்றன என்றும் கொள்ளலாம். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு அதே படலத்தை வேறொரு மின்புலத் திசையிலும் அளந்தே ஆக வேண்டும். அதனால்தான் ஒரே நீர்ப்பரப்பிலிருந்து ஒரே அழுத்தத்தில் எடுத்த படலத்தைத் தங்கத்தின் மீதும் ஜெர்மானியத்தின் மீதும் ஏற்றினேன்.

முதலில் ஈரம். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்கூட 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் ஓடும்வரை நிலைமை கட்டுக்குள் இருக்கும். இரவில் கட்டடத்தின் குளிரூட்டலைக் குறைத்துவிட்டால், காலையில் கதவைத் திறக்கும்போது அறைக்குள் இருப்பது வெளிக்காற்றேதான். நிறமாலைமானிக்குள் கற்றையை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் பொட்டாசியம் புரோமைடால் ஆனது. அது உப்பு, ஈரம் பட்டால் மங்கிவிடும். ஆகவே யாரும் அளவீடு செய்யாத நாள்களிலும் கருவியை அணைப்பதில்லை, உலர்காற்றை நிறுத்துவதுமில்லை. சிலிக்கா ஜெல் பொதிகளை நிறம் மாறும்வரை காத்திராமல் முறைவைத்து அடுப்பில் உலர்த்தி மாற்றுகிறோம். தனி உப்பு ஜன்னல்களும், ஒளியின் மின்புலத்தை ஒரே திசைக்குள் நிறுத்தும் போலரைசரும் ஓய்வு நேரத்தில் இருப்பது, இங்கே புகைப்படம் எடுப்பவர்கள் வீட்டில் லென்ஸ்களைப் பூஞ்சையிலிருந்து காப்பதற்கு வாங்கி வைக்கும் அதே வகை உலர்பெட்டியில்தான். விலையோடு ஒப்பிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் குறைவு என்பது என் கருத்து.

நீராவியின் சுழற்சிக் கோடுகள் 1300 முதல் 1900 வரையிலும் 3500 முதல் 3900 வரையிலும் அடர்ந்து நிற்கும். மெத்திலீன் நீட்சிப் பட்டைகள் இருக்கும் 2800–3000 பகுதி நல்லவேளையாக இவ்விரண்டுக்கும் இடையே பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. ஆனால் அமிலத்தின் தலைப்பகுதியான கார்பாக்சிலேட்டின் 1540-ஐ ஒட்டிய பட்டையும், சங்கிலிகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்லும் 1470-ஐ ஒட்டிய கத்தரி அதிர்வும் நீராவிக் கோடுகளின் நடுவே மாட்டிக்கொள்கின்றன. மாதிரி அறையின் மூடியை ஒரு முறை திறந்தால் பழைய வறட்சி திரும்ப அரை மணி நேரமாவது ஆகிறது. அதனால் போலரைசரைத் திருப்புவதற்காக மூடியைத் திறக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டியிருந்தது.

மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு சிறிய ஸ்டெப்பர் மோட்டாரும் அதற்கான இயக்கிப் பலகையும் வாங்கி, போலரைசரை வெளியிலிருந்தே திருப்பும்படி அமைத்தேன். மோட்டாரை மாதிரி அறைக்குள் வைப்பது எளிது. ஆனால் அதன் மசகு எண்ணெய் மெல்ல ஆவியாகி, நாம் அளக்க விரும்பும் அதே ஹைட்ரோகார்பன் பட்டைகளைப் படலத்தின் மீதும் தங்கத்தின் மீதும் படியவைத்துவிடும். மூன்று நானோமீட்டர்கூட இல்லாத படலத்தை அளக்கும் இடத்தில் எண்ணெயின் ஆவியும் ஒரு மாதிரியே. எனவே மோட்டார் வெளியே நின்றது. ஒரு மெல்லிய எஃகுத் தண்டு பக்கத் தகட்டிலிட்ட துளையில் டெஃப்லான் புஷ் வழியாக உள்ளே சென்றது. டெஃப்லான் புஷ்ஷுக்கு எண்ணெய் தேவையில்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு இரண்டு தளவிளைவு நிலைகளையும் (ஒளியின் மின்புலம் அதிரும் திசைகளையும்) மாறி மாறிப் பல சுற்றுகளாக எடுத்துச் சராசரி காண முடிந்தது. மெல்ல நகரும் நீராவிச் சாயல் இரண்டிலும் ஒரே அளவாகப் பகிர்ந்து போனதால், அதன் பெரும்பகுதி விகிதத்தில் கழிந்துவிட்டது.

அடுத்த சிக்கல் உணரியில் தோன்றியது. திரவ நைட்ரஜன் ஊற்றிய பிறகு நேரம் செல்லச் செல்ல, அலையெண் 3250-ஐ மையமாகக் கொண்ட அகன்ற மேடு ஒன்று அடிக்கோட்டில், அதாவது பட்டைகளுக்கு அடியில் ஓடும் நிறமாலையின் தரைமட்டத்தில், வளர்ந்துகொண்டே வந்தது. மாதிரியை எடுத்துவிட்டாலும் அது மறையவில்லை. நைட்ரஜன் ஊற்றும் கொள்கலனின் வெளிச்சுவரில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. வெற்றிடப் பட்டறையில் பல ஆண்டுகள் பணியாற்றும் அண்ணனிடம் காட்டியபோது, அவர் விரலால் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, வெளிச்சுவர் வேர்க்குதுன்னா உள்ள வெற்றிடம் போயிடுச்சு. அந்த மேடு ஐஸ்தான். பம்ப் பண்ணா சரியாயிடும்” என்றார். அவர் சொன்னதே சரி. கொள்கலனின் இரட்டைச் சுவருக்கிடையே உள்ள வெற்றிடம் தளர்ந்தால், அங்கே எஞ்சிய நீராவி குளிர்ந்த உணரியின் மீது பனிக்கட்டியாகப் படிகிறது. அதன் நீட்சிப் பட்டைதான் 3250-இல் தெரிகிறது. அதே காரணத்தால் நைட்ரஜனும் விரைவில் வற்றுகிறது.

உணரியை முழுவதும் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, வால்வுக்கேற்ற இணைப்பியுடன் டர்போ பம்பில் இரவு முழுவதும் வைத்தோம். சூடேற்றவில்லை, எம்சிடி படிகம் வெப்பத்தைத் தாங்காது. மறுநாள் நைட்ரஜன் ஊற்றியபோது வெளிச்சுவர் காய்ந்தே இருந்தது, மேடும் போய்விட்டது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மேட்டின் சரிவு 3000 வரை நீண்டு, மெத்திலீன் பட்டைகளின் அடிக்கோட்டைச் சாய்க்கிறது. கோணக் கணக்கில் வரும் பிழைகளில் பெரியது அடிக்கோட்டிலிருந்தே பிறக்கிறது என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன்.

இனித் தங்கம். உலோகப் பரப்பில் இணையாக விழும் மின்புலம், எதிரொளித்த அலையின் மின்புலத்தோடு சேர்ந்து ஏறக்குறைய முற்றிலும் நீங்கிவிடுகிறது; செங்குத்துக் கூறு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ராபர்ட் கிரீன்லர் 1966-இல் இதைக் கணக்கிட்டு, பரப்பை உரசிச் செல்லும் அளவுக்குச் சாய்ந்த கோணத்தில், விழுதளத்துக்கு (விழும் கற்றையும் பரப்பின் செங்குத்துக் கோடும் அமைந்த தளத்துக்கு) இணையான தளவிளைவு கொண்ட ஒளியைப் பயன்படுத்தினால் ஒற்றை அடுக்கையும் அளக்க முடியும் என்று காட்டினார். உணர்திறன் 85 பாகையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும். ஆயினும் நான் 80 பாகையில் நிறுத்தினேன். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள கற்றை 80 பாகையில் தங்கத்தின் மீது 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு விரிகிறது. 86 பாகையில் அது 86 மில்லிமீட்டர் ஆகிவிடும். நம்மிடம் உள்ள தங்கம் பூசிய கண்ணாடித் துண்டு அவ்வளவு நீளமில்லை. கற்றையின் ஒரு பகுதி துண்டுக்கு வெளியே சிந்துவதைவிட, கிடைக்கும் ஒளி முழுவதும் படலத்தைத் தொட்டு வருவதே மேல்.

தங்கத்தில் பின்னணி, அதாவது படலமில்லாத ஒப்பீட்டு நிறமாலை, எடுப்பது தனிக் கலை. சுத்தம் செய்த தங்கம் காற்றில் சில நிமிடங்களிலேயே ஹைட்ரோகார்பன் மாசை ஈர்த்துக்கொள்ளும். அந்தத் துண்டைப் பின்னணியாக வைத்தால், 2920-இல் தலைகீழான பட்டை வந்து நம் மாதிரியின் பட்டையைத் தின்றுவிடும். இதற்குத் தீர்வு, ஹைட்ரஜன் அனைத்தும் அதன் கனமான வகையான டியூட்டீரியமாக மாற்றப்பட்ட ஆக்டாடெக்கேன்தயால் (கந்தக நுனியால் தங்கத்தைப் பற்றும் பதினெட்டுக் கார்பன் சங்கிலி) அடுக்கைப் பின்னணித் துண்டில் ஏற்றுவதுதான். அதன் பட்டைகள் 2080 முதல் 2220 வரை தள்ளிப்போய்விடுகின்றன. அந்த அடுக்கு பரப்பை மூடியிருப்பதால் மாசும் எளிதில் ஒட்டுவதில்லை. ஒப்பீட்டுக்குச் சாதாரண ஆக்டாடெக்கேன்தயால் அடுக்கையும் தயாரித்தேன். ஒரு மில்லிமோலார் எத்தனால் கரைசலில் தங்கத்தை ஓர் இரவு ஊறவிட்டு எடுத்தால் போதும். தங்கத்தின் மீது இந்தச் சங்கிலிகள் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து நிற்கின்றன என்பது பல ஆய்வுக்கூடங்கள் உறுதிசெய்த ஒன்று. ஆகவே அதைத் தெரிந்த அளவுகோலாகக் கொள்ளலாம். அதன் சமச்சீரற்ற பட்டை 2918-இல் கூர்மையாக வந்தது. சங்கிலிகள் கலைந்திருந்தால் அது 2924-க்கு மேல் நகர்ந்து அகன்றிருக்கும்.

அரக்கிடிக் அமிலப் படலத்துக்கு லாங்மியூர்–பிளாட்ஜெட் முறையைப் பயன்படுத்தினேன். கேத்தரின் பிளாட்ஜெட் 1930-களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்த முறை அது. இன்றும் அதன் சாரம் மாறவில்லை. டெஃப்லான் தொட்டியில் நீர்த்த காட்மியம் குளோரைடு கரைசல். அதன் மீது குளோரோஃபார்மில் கரைத்த அமிலத்தின் சில துளிகள். குளோரோஃபார்ம் ஆவியானதும் தடுப்புகளை மெல்ல நெருக்கினால் அழுத்தம் ஏறும். மீட்டருக்கு 30 மில்லிநியூட்டனில் நிறுத்தும்போது ஒரு மூலக்கூறுக்கு 0.20 சதுர நானோமீட்டர் இடமே இருக்கும். அதாவது சங்கிலிகள் தோளோடு தோள் உரசி நிற்கும். முன்பே நீருக்குள் அமிழ்த்திவைத்த துண்டை நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் மேலே இழுத்தால், தலைப்பகுதி துண்டைப் பற்றிக்கொள்ள, சங்கிலிகள் வெளிநோக்கி நிற்கும் ஓர் அடுக்கு ஏறிவிடும். காட்மியம் நச்சுப் பொருள் என்பதால், துடைத்த தாள் உட்பட அனைத்தும் தனிக் கலனில் சேர்ந்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடமே போகின்றன. தொட்டிக்கழிவு ஒரு துளிகூடக் கழுவுதொட்டியில் இறங்கவில்லை.

ஜெர்மானியத்தில் ஒளி உள்ளேயிருந்து வருகிறது. 50 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட படிகத்தில் 45 பாகையில் நுழையும் கற்றை இரு பக்கமும் மோதி மோதி ஏறத்தாழ 25 முறை முழு அக எதிரொளிப்பு அடைகிறது. ஒவ்வொரு மோதலிலும் பரப்புக்கு வெளியே சற்றே கசியும் மின்புலம் படலத்தை நனைத்துச் செல்கிறது. இங்கே உலோகம் போல ஒரு திசை மட்டும் எஞ்சுவதில்லை. ஒளிவிலகல் எண் ஜெர்மானியத்துக்கு 4, படலத்துக்கு 1.5, காற்றுக்கு 1 என்று வைத்துக் கணக்கிட்டால், படலத்துக்குள் மின்புலத்தின் வர்க்கம் பரப்போடு இணையான இரண்டு திசைகளில் 1.99, 2.13 என்றும், செங்குத்துத் திசையில் 0.45 என்றும் கிடைக்கிறது. விழுதளத்துக்குக் குறுக்கான தளவிளைவு 2.13-ஐ மட்டும் காண்கிறது. இணையான தளவிளைவு 1.99, 0.45 ஆகிய இரண்டையும் காண்கிறது. குறுக்குத் தளவிளைவின் உட்கவர்தலை இணைத் தளவிளைவின் உட்கவர்தலால் வகுத்தால் வரும் விகிதமே நாம் தேடும் எண்.

அளப்பதற்கு முன் போலரைசரையும் சீரமைப்பையும் சோதிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. திசையொழுங்கு எதுவுமற்ற தடித்த ஊடகத்தின் எல்லையில் சரியாக 45 பாகையில் ஒளி மோதினால், இணைத் தளவிளைவின் உட்கவர்தல் குறுக்குத் தளவிளைவினதைப் போல மிகச் சரியாக இரண்டு மடங்காக இருக்க வேண்டும். ஊடகம் வலுவாக உட்கவர்ந்தாலும் இந்த உறவு மாறாது. பலர் இதற்குத் திரவப் பாரஃபினை எடுக்கிறார்கள். நான் தூய நீரையே தேர்ந்தேன். நீரின் 1640 பட்டை போதிய வலுவுடையது. படிகத்தில் ஹைட்ரோகார்பன் எச்சம் எதையும் விட்டுச்செல்வதில்லை. முதல் அளவீட்டில் இந்த மடங்கு 1.97 வந்தது. தண்டு இணைப்பின் பூச்சியக் குறி உண்மையான தளத்திலிருந்து ஆறு பாகை விலகியிருந்தால் இந்த அளவு குறையும் என்று கணக்கு காட்டியது; குறியைத் திருத்தியதும் 2.00 கிடைத்தது. கற்றை காற்றில் சில பாகைகள் குவிந்து வந்தாலும் ஜெர்மானியத்துக்குள் நுழைந்ததும் அந்த விரிவு நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதால், 45 பாகை என்ற நிபந்தனை நன்றாகவே நிறைவேறுகிறது.

பிறகு படலம். சங்கிலிகள் செங்குத்துக்கு எந்தச் சாய்வில் இருந்தாலும், அவை எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவிச் சாய்ந்துள்ளன என்று கொண்டால், விகிதத்துக்கும் கோணத்துக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கிறது. முற்றிலும் செங்குத்தாக நின்றால் விகிதம் 1.071. 10 பாகை சாய்ந்தால் 1.064. 20 பாகைக்கு 1.042. 30 பாகைக்கு 1.007. முழுவதும் கலைந்திருந்தால் 0.874. இந்த எண்களைக் கவனித்துப் பார்த்தால் முறையின் குணம் புரியும். பூச்சியத்திலிருந்து பத்துப் பாகைக்குள் விகிதம் ஒரு விழுக்காடுகூட மாறவில்லை. 30 பாகையில் நிற்கும் படலத்தில் ஒரு விழுக்காட்டுப் பிழை கோணத்தை இரண்டு பாகைக்குச் சற்று மேலாக மட்டுமே நகர்த்தும். 10 பாகையில் நிற்கும் படலத்திலோ அதே பிழை ஒரு பக்கம் 16 பாகை என்று காட்டும், மறுபக்கம் எந்தக் கோணத்துக்கும் பொருந்தாத எண்ணைத் தரும். செங்குத்தை நெருங்கும் படலங்களுக்குப் பாகையில் தசமப் புள்ளி வைத்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. எல்லாச் சங்கிலிகளும் 54.7 பாகையில் சாய்ந்து நின்றாலும் விகிதம் அதே 0.874-தான். விகிதத்தை மட்டும் வைத்து ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் பிரிக்க முடியாத இடம் அது. அங்கே பட்டையின் இடம்தான் துணை: 2918 என்றால் நீண்டு நிமிர்ந்த சங்கிலிகள், 2926 என்றால் முறுக்கிக் கலைந்தவை.

எனக்குக் கிடைத்த விகிதம் 1.05, பட்டைகள் 2918, 2850. கணக்கின்படி 17 பாகை. அடிக்கோட்டை நேர்க்கோடாக வரைந்தும், சற்றே வளைந்த கோடாக வரைந்தும், பட்டையின் உயரத்தை எடுத்தும், பரப்பளவை எடுத்தும் பார்த்ததில் விகிதம் ஒரு விழுக்காடு இருபுறமும் ஆடியது. ஆகவே ஏட்டில் 12 முதல் 21 பாகை என்றே எழுதினேன். போலரைசரின் சிறு கசிவு இங்கே அஞ்சத்தக்கதன்று. விகிதம் ஒன்றை நெருங்கியிருக்கும்போது கசிவால் அதை அதிகம் இழுக்க முடியாது. படலத்தின் ஒளிவிலகல் எண்ணை 1.5-க்குப் பதில் 1.45 என்று கொண்டால், 30 பாகை என்று வந்திருக்கும் விடை 28 ஆகிவிடும். இந்தத் தேர்வையும் விடையோடு சேர்த்து வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

இந்த விடையைத் தங்கத்தின் மீது ஏற்றிய அதே படலத்தோடு ஒப்பிட்டேன். தங்கத்தில் செங்குத்து மின்புலம் மட்டுமே உள்ளதால், மெத்திலீன் பட்டைகளின் வலு சாய்வின் சைன் வர்க்கத்தைப் பின்பற்றும். 17 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே இது மூன்றில் ஒரு பங்கு. அரக்கிடேட்டில் (காட்மியத்தோடு சேர்ந்த அரக்கிடிக் அமிலத்தில்) மெத்திலீன்கள் 18, தயாலில் 17. ஒரு சங்கிலிக்கான இடம் அரக்கிடேட்டில் 0.20, தயாலில் 0.216 சதுர நானோமீட்டர். இவற்றையும் சேர்த்தால், அரக்கிடேட்டின் பட்டைகள் தயாலினுடையவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு வலுவுடன் வர வேண்டும். இது சங்கிலி தன் அச்சில் சுழன்றிருக்கும் கோணத்தைச் சராசரியாகக் கொண்ட தோராயம்தான். நிறமாலையில் பட்டைகள் பாதிக்கும் குறைவாகவே வந்தன. அதே வேளையில் சங்கிலி நுனியிலுள்ள மெத்தில் தொகுதியின் பட்டைகள் 2965-ஐ ஒட்டியும் 2879-ஐ ஒட்டியும் தெளிவாகவே நின்றன. மெத்திலீன் மட்டும் மெலிந்து மெத்தில் மெலியாமல் நின்றதால், படலம் குறைவாக ஏறியது என்ற விளக்கம் விலகிப்போகிறது. சங்கிலிகள் நிமிர்ந்து நிற்கின்றன என்பதே எஞ்சுகிறது.

அடுத்து ஐந்து அடுக்குப் படலத்தில் கத்தரி அதிர்வை அளக்க எண்ணியிருக்கிறேன். அது 1468-இல் ஒற்றைப் பட்டையாக வந்தால் அறுகோண அடுக்கம். 1463, 1473 என்று இரண்டாகப் பிரிந்தால் சங்கிலிகள் செஞ்சாய்சதுர அமைப்பில் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பி நிற்கின்றன. இரண்டு பட்டைகளுக்கும் இடையே பத்து அலையெண் மட்டுமே இடைவெளி. அந்த இடைவெளியில் நீராவிக் கோடுகள் இருக்கின்றன. பிரிதிறன் எண்ணை 4-லிருந்து 2 அலையெண்ணாகக் குறைத்து (எண் சிறிதானால் நுணுக்கம் கூடும்), மூடியைத் திறக்காமலே மாதிரியையும் பின்னணியையும் மாற்றி மாற்றிக் கற்றைக்குள் தள்ளும் சறுக்குத் தாங்கி ஒன்றை அதே டெஃப்லான் புஷ், அதே வகை மோட்டார் கொண்டு இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.